மார்க்கர் பேனாவுக்கு இடமில்லை

மலைகள் தேயும், ஆறுகள் தடம் மாறும், கடலே ஒருநாள் பின்வாங்கும். என் அண்ணன் வரைந்த லோகோ மட்டும் வரைந்தபடியே நிற்கும்.

இதில் கிண்டல் எதுவும் இல்லை. அத்தையின் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்துக்காக அண்ணன் தயாரித்த திட்ட அறிக்கையின் முதல் வாக்கியமே இதுதான். அத்தை மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“கடல் பின்வாங்கற அன்னிக்கு லிஃப்ட்ல யாருடா ஏறப் போறா?”

“ஏறறதும் ஏறாததும் அவங்க இஷ்டம் அத்தை. லோகோ தயாரா இருக்கும்.”

அண்ணன் சிரிக்கவில்லை. வேலையைப் பற்றிப் பேசும்போது அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்லூரியில் அவனுக்கு ‘நிரந்தரம்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவர்கள் நக்கலுக்காக வைத்தார்கள்; இவன் பட்டமளிப்பு விழாவில் வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். அண்ணன் நிறுவனரும் தலைமை வடிவமைப்பாளரும். மீதிப் பதவிகள் அனைத்தையும் நான் வகிக்கிறேன். சுவரில் இதுவரை அவன் செய்த லோகோக்கள் சட்டம் போட்டுத் தொங்கும். ஒரு உடற்பயிற்சிக் கூடம். எழுத்தெல்லாம் இரும்பு மாதிரி இருக்கும், கூடம் திறப்பதற்கு முன்பே மூடிவிட்டது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முதலாளியின் மருமகன் வந்ததும் பலகையைக் கழற்றிவிட்டு மினுக்கு விளக்கு போட்டார். ஒரு நாய் ஆஸ்பத்திரி; அந்தக் கட்டடத்தில் இப்போது செருப்புக் கடை. பாதம்தானே என்று நாயின் பாதத்தடத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் செய்ததில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான், அதுவும் வேறு வீட்டில்.

அந்தச் சுவருக்கு நான் இரங்கல் பலகை என்று பெயர் வைத்திருந்தேன். அண்ணன் கேட்டும் கேட்காதவன்போல இருப்பான். ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது அந்தச் சட்டங்களில் ஏதாவது ஒன்றை நேராக்கிவிட்டுத்தான் விளக்கை அணைப்பான். அவனுக்கு விருது வேண்டாம், பத்திரிகையில் படம் வர வேண்டாம். அவன் செய்தது ஏதாவது ஒன்று அவன் கண்ணெதிரே பழசாக வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

லிஃப்ட் அதற்குத் தோதான பொருள். ஒரு முறை மாட்டினால் ஒரு தலைமுறை ஏறி இறங்கும். கடையைப் போல மருமகன் வந்து மாற்ற முடியாது. அத்தை வந்து கேட்டபோது அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே பதில் சொன்னான்.

அத்தைக்கும் இது விளையாட்டுக் காரியமில்லை. அவர் லிஃப்ட் இன்ஜினியர். பல வருடம் ஒரு பங்காளியோடு சேர்ந்து தொழில் செய்தார். பிரிந்தபோது அந்த ஆள் நிறுவனத்தின் பெயரை, சிவப்பு வண்ணத்தை, வண்டியை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். அத்தையிடம் மிஞ்சியது கருவிப்பெட்டியும், கூட வந்த சில மெக்கானிக்குகளும், ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரும். ஊருக்கு வெளியே வரிசையாக நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் அத்தனை லிஃப்ட்டும் அத்தையின் பொறுப்பு. ஒப்பந்தம் முடிகிற நேரம். குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மேசையில் ஏதோ பெரிய கம்பெனியின் வழவழப்பான புத்தகம் வேறு வந்து உட்கார்ந்திருந்தது.

“அவர் என்னைப் பார்த்து என்ன கேட்டார் தெரியுமா?” என்றார் அத்தை. “‘மேடம், நீங்க நல்லாதான் பண்றீங்க, ஆனா உங்களைப் பார்த்தா கம்பெனி மாதிரியே தெரியலையே’ன்னார். நான் கம்பெனி மாதிரி தெரியணும்டா. இந்த ஒப்பந்தம் போச்சுன்னா நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு உங்க அப்பா வீட்டு மிக்சியைத்தான் ரிப்பேர் பண்ணணும்.”

அண்ணன் அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். ஒரே ஒரு குறி வரைவதற்கு அவன் பட்ட பாட்டை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு செங்குத்துக் கோடுகள், நடுவே ஒரு சின்னச் சதுரம். அவ்வளவுதான் வந்தது. அதை நகலெடுத்தான், நகலை நகலெடுத்தான், அந்த நகலையும் நகலெடுத்தான். ‘வீட்ல எல்லாரும் சௌக்கியமா?’ என்று நகல் கடைக்காரர் கேட்கும்வரை எடுத்தான். சாவியால் கீறிப் பார்த்தான். வெயிலில் காயவைத்தான். கீழே டயர் கடைக்காரரிடம் ஒரு முறை காட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்துப் போய் ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னான். அவர் சரியாக வரைந்தார். பக்கத்தில் ஒரு டயரையும் சேர்த்து வரைந்தார்.

“மனசுல நின்னுடுச்சு,” என்றான் அண்ணன், பரீட்சை முடிவு பார்த்தவன்போல.

ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவில் அந்தக் குறி வரும். கதவு திறந்தால் குறி இரண்டாகப் பிரியும், மூடினால் சேரும்.

“லோகோ பாதியா போயிடுதே,” என்றார் அத்தை.

“அப்பதான் அத்தை அது லோகோ.”

அத்தைக்குப் பிடித்திருந்தது. முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாலும், அண்ணன் அட்டையில் செய்திருந்த மாதிரிக் கதவை மூடித் திறந்து மூடித் திறந்து நாலைந்து முறை பார்த்தார். பிறகு லிஃப்டின் உள்ளே ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரின் மாதிரியை எடுத்துப் பார்த்தார். அங்கேதான் தகராறு.

“எல்லாம் சரி. நம்பர் எங்கடா?”

அண்ணன் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினான்.

“இது நம்பரா? நான் தூசின்னு நினைச்சுத் தட்டிட்டு இருக்கேன்.”

“அத்தை, நம்பர் நாளைக்கே மாறலாம். மாறுற விஷயத்தைப் பெருசா போட்டா, அது மாறுறப்ப எல்லாமே மாறும். ஒரு அடையாளம் நிக்கணும்னா, மாறாதது முன்னாடி நிக்கணும், மாறுறது ஓரமா நிக்கணும். நம்பர் நாலாம் நிலைத் தகவல்.”

“உள்ள மாட்டிக்கிட்டவனுக்கு அதுதாண்டா முதல் நிலை.”

“உங்க பழைய பங்காளியோட ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கா?” என்றான் அண்ணன் மெதுவாக. “சிவப்புல, இத்தாம் பெரிய நம்பர். தூரத்துல இருந்து பார்த்தா தள்ளுபடி விற்பனை மாதிரி. நாமும் அதையே போட்டா, அவரோட கிளைன்னு நினைச்சுக்குவாங்க.”

அத்தை மாதிரியைக் கீழே வைத்தார். அண்ணனுக்கு எங்கே தட்ட வேண்டும் என்று தெரியும். பங்காளியின் பேரைச் சொன்னால் அத்தை தன் சொந்தக் கண்ணையே மாற்றிக்கொள்வார். அப்படித்தான் எஃகுச் சுவரின் மேல் வெள்ளி நிற எழுத்து என்று முடிவாயிற்று. “கத்தாது,” என்றான் அண்ணன். “அது பாட்டுக்கு இருக்கும்.” எண்களுக்கு அவன் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் எல்லா வளைவுகளும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் போகும். அதில் மூன்றைப் பார்த்து அவன் பெருமூச்சு விட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது மார்க்கர்.

அத்தையின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா இருக்கும். மோட்டாரில் எண்ணெய் விட்ட தேதி, கம்பியில் அடையாளம், சுவிட்ச் பலகையில் எச்சரிக்கை, எல்லாம் அதில்தான். அந்தக் குடியிருப்பின் ஒவ்வொரு லிஃப்டிலும், கதவுக்குப் பக்கத்தில், சர்வீஸ் நம்பரைக் கொட்டை எழுத்தில் அவரே எழுதி வைத்திருந்தார். அண்ணன் அதை முதலில் பார்த்தபோது சுவரில் கை வைத்துக்கொண்டான்.

“மார்க்கர் பேனாவைக் கண்டுபிடிச்ச அன்னிக்கே டிசைனுக்குக் கருமாதி முடிஞ்சுது அத்தை. அது யார் கையில இருக்கோ அவங்கல்லாம் கலைஞர். காணாமப்போன பூனைக்கு நோட்டீஸ் எழுதற மாதிரி கம்பெனி நம்பரை எழுதி வெச்சிருக்கீங்க.”

“பூனை கிடைச்சுதா இல்லையா?”

“அதில்ல விஷயம்.”

“கிடைச்சுதா இல்லையாடா?”

அண்ணன் அவர் பையிலிருந்த மார்க்கரை உருவிக் கேமரா பையில் போட்டுக்கொண்டான். சங்கக் கூட்டத்தில் பேசும்போது எதிரியை நேரில் காட்டுவதற்கு வேண்டுமாம். பிறகு நாங்கள் இருவரும் தின்னரும் பழைய துணியுமாக ஒவ்வொரு லிஃப்டாக ஏறி அத்தையின் கையெழுத்தைத் துடைத்தெடுத்தோம். துடைத்த இடத்தில் புது ஸ்டிக்கரை ஒட்டினோம். நான் ஒட்டும்போது ஒரு குமிழி வந்தது என்பதற்காக ஒரு மாடி முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

அதோடு விடவில்லை. தலையணை கனத்துக்கு ஒரு கையேடு தயாரித்தான். அட்டை கெட்டியாக, பைண்டிங் போட்டு. நிறம் எது, அளவு எது, சட்டையில் எங்கே, வண்டியில் எங்கே, குறியைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும் என்று எல்லாம் உண்டு. அந்தக் காலி இடத்துக்கு மூச்சுவெளி என்று பெயர். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இரண்டே கட்டளைகள். மூச்சுவெளிக்குள் எதுவும் வரக் கூடாது. மார்க்கர் பேனாவுக்கு எந்தச் சூழலிலும் இடமில்லை.

ஒட்டி முடித்துச் சில வாரங்கள் ஓடின. புகார் என்று ஒன்றுகூட வரவில்லை என்று அத்தை ஃபோன் பண்ணிச் சொன்னார். “முன்னெல்லாம் வாரத்துக்கு ரெண்டாவது வரும்டா. விளக்கு எரியலை, கதவு சத்தம் போடுதுன்னு. இப்ப அமைதியா இருக்கு.” அண்ணன் ஃபோனை வைத்துவிட்டு, நல்ல அடையாளம் மக்களை அமைதிப்படுத்தும் என்று என்னிடம் சொன்னான். கையேட்டில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்தான்.

சங்கக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அன்று காலையில் லிஃப்டுக்குள் சில படங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் அண்ணனும் குடியிருப்புக்குப் போனோம். அவன் தோளில் கேமரா பை, என் கையில் கையேடு. கையேட்டைச் சுமந்து சுமந்து எனக்கு ஒரு தோள் இறங்கிவிட்டது. கடைசிக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினோம். கதவு மூடப் போன நேரத்தில் ஒரு நர்ஸ் உள்ளே வந்தார். இரவு வேலை முடிந்து வருகிற முகம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார்.

பாதி தூரம் போனதும் மின்சாரம் போயிற்று. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இருட்டு.

“இறங்கறதுக்கு முன்னாடியே தூங்கிட்டேனா?” என்றார் நர்ஸ்.

“கரண்ட் போயிடுச்சு சிஸ்டர்,” என்றேன்.

மின்சாரம் போனால் தானாக அடுத்த மாடிக்கு வந்து நிற்கும் கருவியை எல்லாக் கட்டடத்துக்கும் வாங்கச் சொல்லி அத்தை எழுதிக் கொடுத்திருந்தார். சங்கம் யோசித்துக் கூட்ட அரங்குக்குத் திரைச்சீலை வாங்கியது. ஆபத்து மணியை அமுக்கினேன். நன்றாகவே அடித்தது. தூரத்தில் காவலர் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டும் சத்தம் அதைவிட நன்றாகக் கேட்டது.

அண்ணன் அத்தைக்கு ஃபோன் பண்ணினான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஏறி வேலை செய்யும்போது அத்தை ஃபோனை அணைத்துவிடுவார். கை வேலையாக இருக்கும்போது மணி அடித்துக் கவனம் தப்பினால் ஆளே இருக்க மாட்டோம் என்பார்.

“சர்வீஸ் நம்பருக்கு அடி,” என்றேன்.

“நம்பர்?”

“என்னைக் கேட்டா?”

எங்கள் இருவருக்கும் தெரியாது. லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கான எண் அது, நாங்கள் வடிவமைப்பாளர்கள். கையேட்டைத் திறந்தேன். ஸ்டிக்கருக்கான பக்கத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள் இருந்தன. கீழே, ‘எண் மாறக்கூடியது என்பதால் மாதிரி மட்டுமே’ என்று அண்ணன் தெளிவாகவே குறிப்பிட்டிருந்தான்.

“ஸ்டிக்கர்ல இருக்கும் பாருங்க,” என்றார் நர்ஸ். “முன்ன இங்கதான் கறுப்பா பெருசா எழுதியிருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டே படிக்கலாம். எந்தப் புண்ணியவானோ துடைச்சிட்டான்.”

அண்ணன் ஃபோன் வெளிச்சத்தை ஸ்டிக்கர்மேல் அடித்தான். எஃகுச் சுவர் மொத்தமும் பளீரென்று கண்ணில் அறைந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தைச் சாய்த்தான். எங்கள் மூன்று பேரின் முகமும் அழகாகத் தெரிந்தது. மண்டி போட்டு உட்கார்ந்தான். கன்னத்தைச் சுவரில் ஒட்டிப் பார்த்தான். கடைசியில் தன் ஸ்டிக்கரின்மேல் வாயை வைத்து ஊதினான். ஆவி படிந்த இடத்தில் எண்கள் மங்கலாக எழுந்து வந்து, நான் இரண்டு எண்ணைப் படிப்பதற்குள் மறைந்தன.

“மூச்சுவெளி வேலை செய்யுது அண்ணே,” என்றேன்.

“வாயை மூடு.”

ஊதி ஊதிப் படித்தோம். அவன் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

“ஹலோ, லிஃப்ட் சர்வீஸா?”

“மெத்தைக் கடை.”

மன்னிப்புக் கேட்டு வைத்தேன். நர்ஸ் என் கையிலிருந்த கையேட்டை வாங்கித் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். உட்காருவதற்கு வசதியாகத்தான் இருந்தது போலிருக்கிறது; ஒரு பெருமூச்சு விட்டார்.

அண்ணன் மறுபடி ஊதினான். மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒரு எண்ணும் மாறவில்லை.

“நல்லா பாரு அண்ணே.”

“நான் போட்ட நம்பரை நான் படிக்க மாட்டேனா? எட்டுதான். அடி.”

அடித்தேன்.

“மெத்தைக் கடைதாங்க,” என்றது அதே குரல், இந்த முறை நிதானமாக. “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?”

“எப்படிங்க தெரியும்?”

“இப்பல்லாம் எனக்கு அங்கருந்துதானே ஃபோனே வருது. அந்தக் குடியிருப்புதானே? போன வாரம் ஒரு வாத்தியார் மாட்டிக்கிட்டார், பாவம். கரண்ட் வர்ற வரைக்கும் பேசிட்டே இருந்தேன். நல்ல மனுஷன். அப்புறம் தேடி வந்து ரெண்டு தலகாணி வாங்கிட்டுப் போனார். அதுக்கு முன்னாடி ஒரு அம்மா, விளக்கு எரியலைன்னு என்னைப் பிடிச்சுத் திட்டினாங்க. நான் மெத்தைக்காரன்னு சொன்னா, சாக்கு சொல்றேன்னு அதுக்கும் சேர்த்துத் திட்டினாங்க.”

“எப்ப இருந்துங்க இப்படி?” இது அண்ணன்.

“ஏதோ புது ஸ்டிக்கர் ஒட்டினாங்களாமே, அதுல இருந்து. நீங்க கடைசிக்கு முந்தினது எட்டுன்னு போடறீங்க. எட்டு இல்லை, மூணு. எல்லாரும் அதே பள்ளத்துலதான் விழறாங்க. நான் நேத்துதான் யாரையோ கேட்டு விசாரிச்சு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். சொல்லட்டுமா, எழுதிக்கிறீங்களா?”

அவர் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். உள்ளே காத்து வருதா, தண்ணி இருக்கா என்று விசாரித்துவிட்டு, கூட யாராவது பயப்படுகிறார்களா என்றும் கேட்டார்.

“யாரும் பயப்படலைங்க,” என்றார் நர்ஸ் தரையிலிருந்து. “உங்க கடை எங்க இருக்கு? எனக்கு ஒரு மெத்தை இப்பவே வேணும்.”

சரியான எண்ணுக்கு அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஆள் வருவதாகச் சொன்னார்கள். அண்ணன் இன்னும் மண்டி போட்ட நிலையிலேயே ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இருட்டில் அவன் எதைப் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

“இதை யாரு டிசைன் பண்ணதுன்னு சாயங்காலம் கூட்டத்துல கேக்கத்தான் போறேன்,” என்றார் நர்ஸ்.

நான் லிஃப்டின் மேற்கூரையை ரசித்தேன். அவர் அப்படிக் கேட்டால் செயலாளர் வழவழப்பான புத்தகத்தை எடுப்பார். அத்தை மிக்சி ரிப்பேருக்குப் போவார். அது எனக்குப் புரிந்த மாதிரி அண்ணனுக்கும் புரிந்திருக்க வேண்டும். மறைத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

“நான்தான் சிஸ்டர்,” என்றான் அண்ணன்.

“நீங்களா?” அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்தான். “நான் அது ரொம்பப் பழைய ஸ்டிக்கர், தேய்ஞ்சு போச்சுன்னு இல்ல நினைச்சேன்.”

தான் செய்தது தன் கண்ணெதிரே பழசாக வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டான். ஆகிவிட்டது, இவ்வளவு சீக்கிரம் ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை.

அத்தையே வந்தார். மேலிருந்து கதவைச் சாவி போட்டுத் திறந்ததும் முதலில் அவர் பூட்ஸ் தெரிந்தது, பிறகு எண்ணெய்க் கை. லிஃப்ட் அந்த மாடியின் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தது. முதலில் நர்ஸைத் தூக்கிவிட்டார், மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னை. அண்ணன் கடைசியாக, கேமரா பையை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறி வந்தான்.

நான் மெத்தைக்காரரைப் பற்றிச் சொன்னேன். அத்தை கையைத் துணியில் துடைத்தபடியே கேட்டார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“புகாரே வரலைன்னு நான் சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்டா. எல்லாம் அங்க போய்க்கிட்டு இருந்திருக்கு.”

“அத்தை…” என்றான் அண்ணன்.

“அப்புறம் பேசலாம். அந்த வாத்தியார் எந்த வீடுன்னு கண்டுபிடிக்கணும். விளக்கு எரியலைன்னு சொன்ன அம்மா யாருன்னும். கூட்டத்துக்கு முன்னாடி நானே போய்ப் பார்த்துடறேன்.” அத்தை கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். இரண்டு படி இறங்கித் திரும்பினார். “மெத்தைக்காரர் நம்பரையும் குடு. அந்த ஆளுக்கு நான் மாச சம்பளமே கொடுக்கணும்.”

நர்ஸ் படியேறி வீட்டுக்குப் போனார். “சாயங்காலம் பார்க்கலாம்,” என்றார் போகும்போது. அதில் மிரட்டல் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. தூக்கம் இருந்தது.

நான் ஒரு தேநீர் குடிக்கப் போய்வந்தேன். திரும்பி வந்தபோது மின்சாரம் வந்திருந்தது, அண்ணனைக் காணவில்லை. வீட்டுக்குப் போயிருப்பான், இரங்கல் பலகையில் சட்டம் மாட்ட இடம் பார்ப்பான் என்று நினைத்தேன். ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. கட்டடம் கட்டடமாகத் தேடினேன். முதல் கட்டடத்தின் தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு மூட முயன்று, எதிலோ இடித்து, மறுபடி திறந்துகொண்டிருந்தது. இடித்தது கேமரா பை. குறி சேர்வதும் பிரிவதுமாக இருந்தது.

உள்ளே அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். நர்ஸ் உட்கார்ந்த அதே மூலையில், அதே மாதிரி. அங்கிருந்து சுவரைப் பார்த்தான். எழுந்து நின்று பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். நிற்கிறவருக்கும் விழுந்துகிடக்கிறவருக்கும் ஒரே மாதிரி தெரிகிற இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான். அது மூச்சுவெளிக்கு நட்ட நடுவில் விழுந்தது.

அவன் தலையைத் திருப்பவில்லை. “கதவைப் பிடி.”

பையை நகர்த்திவிட்டுக் காலால் கதவைப் பிடித்தேன். அவன் அந்தப் பையைத் திறந்தான். லென்ஸ் துடைக்கும் துணிக்கு அடியிலிருந்து அத்தையின் மார்க்கரை எடுத்தான்.

எனக்கு அதைப் பார்த்ததும் நாக்கு அரித்தது. பூனை ஞாபகம் வந்தது, கருமாதி ஞாபகம் வந்தது. கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். அவனே எழுதிய கட்டளையை, அவனுடைய குரலிலேயே, கூட்டத்தில் படிப்பதுபோலப் படித்தேன். “மார்க்கர் பேனாவுக்கு எந்தச் சூழலிலும்…”

“அந்த அட்டையைக் கிழி.”

“எது?”

“முன்னட்டை. கெட்டியா இருக்கும். கோடு கோணாம வரணும்னா அடியில பிடிச்சுக்க ஏதாவது வேணும்.”

கிழித்துக் கொடுத்தேன். பைண்டிங் நன்றாகத்தான் போட்டிருந்தான். கொஞ்சம் பலத்தைப் பிரயோகிக்க வேண்டியிருந்தது. அவன் அட்டையைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு, மூடியைப் பல்லால் கழற்றி, முதல் எண்ணை எழுதினான். உள்ளங்கை அகலம். கறுப்பு. அடுத்தது. அடுத்தது. கடைசிக்கு முந்தையதில் நிறுத்தினான். மூன்றின் தலையை வளைக்காமல் தட்டையாக ஒரு கோடு இழுத்து, சாய்வாக இறக்கி, வயிற்றைத் திறந்தே விட்டான். யாரும் எக்காலத்திலும் அதை எட்டு என்று சொல்ல முடியாது. எழுதிவிட்டுப் பின்னால் வந்து, லிஃப்டுக்கு வெளியே போய், தரைத்தளத்தின் மறுகோடிவரை நடந்துபோய் நின்று பார்த்தான். பிறகு திரும்பி வந்து அந்த மூன்றின்மேல் இன்னொரு முறை ஓட்டினான்.

“ஸ்டிக்கர் அடிக்கறவங்க நாளைக்குப் புதுசு அடிச்சுக் கொடுப்பாங்க இல்ல?” என்றேன்.

“நாளைக்கு அது. இன்னிக்கு ராத்திரி யாராவது மாட்டுவாங்க.”

மேலே யாரோ பொத்தானை அமுக்கினார்கள். லிஃப்ட் கதவு என் காலைத் தள்ளியது.

“விடாதே,” என்றான் அண்ணன் வாயில் மூடியோடு, கடைசி எண்ணுக்கு அட்டையை நகர்த்தியபடி. “இன்னும் எல்லாக் கட்டடமும் பாக்கி இருக்கு.”